அம்மாவின் பொருத்தனையும் மகனின் அழைப்பும்

பர்மாவில், நம் பெகுவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 26. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அப்பா இல்லை, அம்மாவுக்கும் தங்கைக்கும் இவர் வருமானம்தான். நாலு வயதில் காய்ச்சல் முற்றி, இனி பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட ராத்திரியில், "இவனைத் திருப்பிக் கொடுத்தால் உமது ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் ஆண்டவரே" என்று அம்மா பொருத்தனை பண்ணினாராம். இப்போது அதைத் தினமும் நினைவுபடுத்துகிறார். போன மாதம் உபவாச ஜெபத்தில் ஒரு அக்காவும் "நீ பெரிய ஊழியக்காரன் ஆவாய்" என்று சொல்லிவிட்டார். தம்பிக்கோ காயில் சுற்றுவதில்தான் மனம். "ஐயா, கடையை மூடிவிட்டு இன்செயினுக்கு இறையியல் படிக்கப் போகவா? போகாவிட்டால் தேவகோபம் வருமா? என் அழைப்பு என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற இரண்டையும் யோசிக்கவிடாமல் அதுதான் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது.

கோபம் வராது. நம் தாத்தாமார் தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி இங்கே வந்தபோது நேர்த்திக்கடனையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் சாமி குத்தம் என்ற பயம் ஞானஸ்நானத் தண்ணீரில் முழுசாகக் கரைந்துவிடுவதில்லை. என் வீட்டிலும் அது இருந்தது. பொருத்தனையை வேதம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தை நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து படித்திருக்கிறோம்? ஒரு மனுஷனைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால், அவனுக்கு ஈடாக இவ்வளவு வெள்ளி கொடுக்கலாம் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. 20 முதல் 60 வயது வரை உள்ள ஆணுக்கு 50 சேக்கல். ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள ஆண்பிள்ளைக்கு 5 சேக்கல். சேக்கல் என்பது சுமார் 11 கிராம். உங்கள் அம்மா பொருத்தனை பண்ணியபோது உங்களுக்கு நாலு வயது. அந்தக் கணக்கில் நீங்கள் ஐம்பத்தைந்து கிராம் வெள்ளி! அதுவும் முடியாத ஏழை என்றால், அவன் சக்திக்குத் தகுந்தபடி ஆசாரியன் மதிப்பைக் குறைக்கலாம் என்று 8-ஆம் வசனம் சொல்கிறது. நாம் அந்தச் சட்டத்தின் கீழ் இல்லை, வெள்ளி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிள்ளையின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தாய் கதறிச் சொன்ன வார்த்தையை ஆண்டவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன். கழுத்தைப் பிடித்து வசூலிக்கிற கடன்காரர் இல்லை அவர்.

அன்னாளைப் பற்றி உங்கள் அம்மா நிச்சயம் சொல்வார். சொல்லட்டும், நல்ல கதைதான். பிள்ளையில்லாமல் அழுது, ஒரு மகனைக் கொடுத்தால் உமக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணியவள் அன்னாள். அதன்படியே சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். பையன் சணல்நூல் ஏபோத் என்ற ஆசாரிய உடையைக் கட்டிக்கொண்டு ஆலயத்திலேயே வளர்ந்தான். ஆனாலும் அவன் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று 1 சாமுவேல் 3:7 சொல்கிறது. கூப்பிடுகிற சத்தம் பிறகு ஒரு ராத்திரி வந்தது, அதுவும் அவன் பெயரைச் சொல்லி வந்தது. அவனுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. மூன்று தரம் எழுந்து ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடினான். கண் மங்கிய கிழவர் ஏலிதான், இது கர்த்தர் என்று கண்டுகொண்டு, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்லப் பழக்கிக் கொடுத்தார். ஆக, தாயின் பொருத்தனை பிள்ளையை ஆலய வாசல் வரை கொண்டுவந்தது. உங்கள் அம்மாவின் பொருத்தனையும் அதைச் செய்துவிட்டது: நீங்கள் சபையில் இருக்கிறீர்கள், ஜெபிக்கிறீர்கள், இப்படி ஒரு கேள்வியை எனக்கு எழுதுகிறீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மாற்கு 7-இல் இயேசு 'கொர்பான்' பற்றிக் கடுமையாகப் பேசுகிறார். இது கடவுளுக்கு நேர்ந்தாயிற்று என்று சொல்லி, தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களைப் பற்றிய பேச்சு அது. நாளைக்கே கடையை மூடிவிட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அம்மாவின் பொருத்தனைக்காக அம்மாவையே பட்டினி போடுவது எந்த வகை ஊழியம்?

சரி, அப்புறம் இந்த 'அழைப்பு' என்ற சொல். நம் சபைகளில் அது பிரசங்க பீடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'முழுநேர ஊழியம்' என்கிறோமே, அந்தச் சொல்லே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். மற்றவர்கள் எல்லாம் அரைநேரக் கிறிஸ்தவர்களா? வேதத்தில் அழைப்பு என்பது முதலில் கிறிஸ்துவிடம் வரும்படியான அழைப்பு. அது எல்லோருக்கும் ஒன்றுதான், உங்களுக்கு வந்தும் ஆயிற்று. எந்த வேலையில் நின்று அதற்குக் கீழ்ப்படிவது என்பது அதற்கு அடுத்தது. தேவஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முதல் ஆள் யார் தெரியுமா? பெசலெயேல். யாத்திராகமம் 31. பொன், வெள்ளி, மரம், கல் என்று கைவேலை செய்தவன்.

நம் ரங்கூனையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தைப் பர்மிய மொழியில் எழுதிக் கொடுத்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைத் தெரியாத பர்மியக் கிறிஸ்தவர் இல்லை. 1816-இல் இங்கே வந்த ஜார்ஜ் ஹஃப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? அவர் அச்சுத் தொழிலாளி. செராம்பூரிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. 1817-இல் பர்மிய மொழி மத்தேயு சுவிசேஷம் ரங்கூனில் அச்சானது. மை படிந்த அந்தக் கை இல்லாமல் ஜட்சனின் எழுத்து யார் கைக்குப் போயிருக்கும்?

ஜட்சன் இங்கே வந்து சேர்ந்த கதையும் உங்களுக்கு உதவும். அவருக்கு பர்மாவின் மேல் முன்பே ஒரு கண் இருந்தது. 1812-இல் கல்கத்தாவில் இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேறச் சொல்லிவிட்டது. மொரீஷியஸ் போனார், அங்கிருந்து மதராஸ் வந்தார். அங்கேயும் இருக்க முடியாத நிலையில், துறைமுகத்தில் கிடைத்த கப்பல் ரங்கூன் போகிற கப்பல். பிறகு நம் தாத்தாமார் வந்த அதே கடல் வழி. 1813 ஜூலையில் வந்து இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல்தான். நடுவில் ஆறு வருஷம் மொழி படிப்பும் காய்ச்சலும் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கமும். மனதில் ஓர் ஆசை, மூடிய இரண்டு மூன்று கதவு, கிடைத்த ஒரு கப்பல். அவருக்கு இருந்தது அவ்வளவுதான்.

அந்த அக்கா சொன்ன தீர்க்கதரிசனத்தை அவமதிக்க வேண்டாம். நோட்டில் எழுதி வையுங்கள். அதை மட்டும் வைத்துக் கடையை மூடாதீர்கள். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது, புத்தாண்டு ராத்திரி எடுத்த வாக்குத்தத்த அட்டையை வருஷம் பூராவும் உலுக்கிப் பார்ப்பது, இவையும் வேண்டாம். நான் உங்கள் வயதில் 'போ', 'போகாதே' என்று இரண்டு சீட்டு எழுதி, ஜெபித்துவிட்டுக் குலுக்கிப் போட்டவன். 'போகாதே' வந்தது. சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி போட்டேன். மூன்றாம் தரம்தான் 'போ' வந்தது. அதை ஆண்டவருடைய சத்தம் என்று ஊரெல்லாம் சொல்லவும் செய்தேன்!

எரிந்துபோன மோட்டார் கடைக்கு வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? பழைய காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்வீர்கள். எண்ணாமல் வெட்டினால் மோட்டார் திரும்ப ஓடாது. உங்களையும் அப்படியே எண்ணிப் பாருங்கள். கடிதத்தின் கடைசியில், சம்பந்தமில்லாதது போல நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற பர்மிய அம்மா தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார், மகன் தாய்லாந்து போய் மூன்று மாதமாகப் போன் இல்லை என்று அழுதார், நீங்கள் சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், ஜெபிக்கட்டுமா என்று கேட்டீர்கள், இப்போது அவர் மோட்டார் இல்லாமலும் வருகிறார். தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நாலு வரிதான். ஜனங்கள் உங்களிடம் எதற்கு வருகிறார்கள், எதைச் செய்தபிறகு உங்களுக்கு மனம் நிறைகிறது, எதைச் செய்ததால் மற்றவருக்கு நன்மை நடந்தது: ஆறு மாதம் எழுதுங்கள்.

அந்த ஆறு மாதத்தில் போதகரிடம் கேட்டு ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு எடுங்கள். இரண்டு தரமாவது செய்தி கொடுங்கள். பிறகு உங்களைத் தெரிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் சபை மூப்பராக இருக்கட்டும், இன்னொருவர் சபைக்கு வெளியே, உங்கள் கடைக்கு வருகிறவராக இருக்கட்டும். சபையை நடத்துகிற கண்காணி, சபைக்குப் புறம்பானவர்களாலும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று பவுல் சொன்னது சும்மா இல்லை. அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியதுகூட ஆராதித்து, உபவாசித்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்துதான்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்த பிறகு, 18-க்கும் 35-க்கும் இடைப்பட்ட மகன் உள்ள எந்த வீட்டிலும் எந்த முடிவும் தனியாக வருவதில்லை. செமினரி ஒரு பாதுகாப்பு என்று அம்மா நினைத்தால் அதில் தப்பில்லை, தாய் அப்படித்தான் நினைப்பாள். அதை அம்மாவும் நீங்களும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பயத்தின் மேல் அழைப்பு என்று துணி போர்த்தினால், இரண்டாம் வருஷம் கிரேக்க இலக்கணம் நடத்தும்போது அது நழுவி விழும்.

இன்செயினுக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். ரங்கூன் ஸ்டேஷனில் இறங்கிச் சுற்று ரயில் பிடித்தால் போதும். அங்கே தமிழில் பாடம் நடக்காது. ஆங்கிலம் உங்களுக்கு எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். படிக்கிற பையன்களோடு சாப்பிடுங்கள். மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது மனம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அம்மாவிடம் பேசுவதைத் தள்ளிப்போட வேண்டாம். லேவியராகமம் 27-ஐ நீங்களே வாசித்துக் காட்டுங்கள், போதகரும் கூட இருக்கட்டும். பிழைத்த நாளை நினைத்து ஒரு ஸ்தோத்திர காணிக்கையை அம்மா கையாலேயே போடச் சொல்லுங்கள். அழுவார். அழட்டும், 22 வருஷமாகச் சுமந்தது.