போர்டு போகவில்லை தம்பி, சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வீட்டில் கிடந்த பழைய 21 இன்ச் டிவியோடு ஏவி கேபிளில் இணைத்திருக்கிறேன். மூன்று தடவை போட்டால் ஒரு தடவைதான் பூட் ஆகிறது. ஆனாலும் படம் உருள்கிறது, கறுப்புப் பட்டை ஓடுகிறது. கேபிள் பின்னைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது. போர்டு வாங்கித் தந்த ப்ராஜெக்ட் சென்டரில், "கிரவுண்ட் போயிடுச்சு, போர்டை மாத்தணும், இல்லன்னா ஐசொலேட்டர் வாங்கிப் போடணும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த சென்டருக்கு இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். டிவி மெக்கானிக் காலத்தில் எதற்கெடுத்தாலும் 'ஐசி போயிடுச்சு' என்பார்கள் இல்லையா, அதுதான் இப்போது 'கிரவுண்ட் போயிடுச்சு' என்று வந்திருக்கிறது. கிரவுண்ட் என்பது கரண்ட் திரும்பி வரும் பொது வழி, போர்டுக்குள் அதை ஒரு செம்புத் தகடு மாதிரி அகலமாக விரித்துப் போட்டிருக்கும். அது போக வேண்டுமென்றால் போர்டை உடைக்க வேண்டும். உங்களுக்கு இருப்பது தனித்தனியான மூன்று கோளாறுகள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள்.

பூட் ஆகாததற்கும் டிவிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. ஏவி கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு கரண்ட் கொடுத்து, போர்டின் மூலையிலிருக்கும் சிவப்பு விளக்கை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள். அது அணைந்து அணைந்து எரிந்தால் போர்டுக்கு வோல்டேஜ் பற்றவில்லை என்று அர்த்தம். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த விளக்கு அணையும்படிதான் செய்திருக்கிறார்கள். இந்த மாடலுக்குத் தேவை 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். நீங்கள் போட்டிருப்பது செல்போன் சார்ஜர் என்று நினைக்கிறேன். சார்ஜரில் 2 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கலாம், ஆனால் ஐம்பது ரூபாய் கேபிளில் உள்ளே தலைமுடி கனத்துக்குத்தான் செம்பு இருக்கும். அதில் அரை ஓம் தடை இருந்தாலே, போர்டு 1 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே அரை வோல்ட் தொலைந்துவிடும். 5-ல் அரை போனால் 4.5, அவ்வளவுதான், பூட் ஆவது சந்தேகம். மீட்டர் வைத்து 5 வோல்ட் பின்னை அளந்து பார்க்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், ஒன்றாம் எண் பின் 3.3 வோல்ட், அதை ஒட்டியே இரண்டாம் எண் 5 வோல்ட், முனை நழுவி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் இந்த மாடல் நிஜமாகவே போய்விடும், அப்புறம் சென்டர்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்து, பச்சை விளக்கு ஒருமுறைகூட மினுக்கவில்லை என்றால் மெமரி கார்டைச் சந்தேகப்படுங்கள். பச்சை நான்கு நான்காக மினுக்கினால் கார்டில் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட் ஃபைல் இல்லை, ஏழு ஏழாக மினுக்கினால் ஓஎஸ்ஸின் மூலப் பகுதியான கெர்னல் இல்லை. இரண்டுக்கும் மருந்து கார்டை மறுபடி எழுதுவதுதான். '32 ஜிபி' என்று மேலே ஒட்டி உள்ளே 8 ஜிபி வைத்த கார்டுகள் சந்தையில் ஏராளம், ப்ராஜெக்ட் கிட்டோடு 'இலவசமாக' வந்த கார்டு என்றால் சொல்லவே வேண்டாம்.

சரி, படத்துக்கு வருவோம். போர்டில் இருக்கும் ஏவி துளை ஹெட்போன் துளை மாதிரியேதான் இருக்கும். அதில் சொருகும் பின்னில் நான்கு பாகம் உண்டு: நுனி, அடுத்து ஒரு வளையம், இன்னொரு வளையம், கடைசியில் பிளாஸ்டிக்கை ஒட்டிய அடிப்பாகம். ராஸ்பெர்ரியில் நுனியும் முதல் வளையமும் ஒலி, இரண்டாவது வளையம் கிரவுண்ட், அடிப்பாகம் வீடியோ. கடையில் 'ஏவி கேபிள்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பழைய வீடியோ கேமராவுக்கோ டிவிடி பிளேயருக்கோ வந்தது, அதில் வீடியோவும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கலாம். பார்க்க அச்சு அசல் ஒன்றுதான், கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை டிவி பக்கத்து மஞ்சள் பின்னின் வெளி வட்டத்தில் வையுங்கள், மறுமுனை இரண்டாவது வளையத்தைத் தொடும்போது சத்தம் வர வேண்டும். மஞ்சளின் நடுக் கம்பிக்கு அடிப்பாகத்தில் சத்தம் வர வேண்டும். வெளி வட்டம் சரியாக இருந்து நடுக் கம்பி மட்டும் வேறு இடத்தில் கத்தினால் புதுக் கேபிள் தேவையில்லை, சிவப்பையோ வெள்ளையையோ டிவியின் மஞ்சள் துளையில் சொருகிப் பாருங்கள். வெளி வட்டமே மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் படம் உருண்டால், எப்படி உருள்கிறது என்று பாருங்கள். நிறமே இல்லாமல் வேகமாக உருண்டால் போர்டு அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் அனுப்புகிறது, நம்மூர் டிவிக்கு பால் (PAL) என்ற முறை வேண்டும். மெமரி கார்டில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் எஸ்டிடிவி மோட் என்ற வரியில் 2 போட்டால் பால் முறை. புது ஓஎஸ்ஸில் அந்த வரி எடுபடாது, சிஎம்டிலைன் ஃபைலில் வேறு மாதிரி எழுத வேண்டும். ஓஎஸ் மாறும்போதெல்லாம் இதையும் இடம் மாற்றி வைத்தால் படிக்கிற பையன்கள் எங்கே போவார்கள்?

நிறம் இருந்து, ஒன்றிரண்டு கறுப்புப் பட்டை மட்டும் எறும்பு மாதிரி மெதுவாக ஊர்ந்தால், அதுதான் உண்மையான கிரவுண்ட் கோளாறு. டிவியின் பின்னால் கேபிள் டிவி ஒயர் மாட்டியிருக்கிறதா? அதைக் கழற்றுங்கள். போர்டில் நெட்வொர்க் கேபிள், கம்ப்யூட்டரோடு இணைத்த சீரியல் ஒயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். பிறகு போர்டை ஒரு நல்ல பவர் பேங்கில் ஓட்டுங்கள். பட்டை மறைந்தால், கரண்ட் இரண்டு வழியாகச் சுற்றி வந்து வீடியோ ஒயரின் கிரவுண்டில் ஓடியிருக்கிறது. இரண்டு பக்கத்து கிரவுண்டையும் பிரித்து வைக்கும் விலை உயர்ந்த ஐசொலேட்டர் சொல்லும் சேதியை பவர் பேங்க் சும்மாவே சொல்லிவிடும்.

சுள்ளென்று இழுப்பதும் இதன் சொந்தக்காரன்தான். இரண்டு பின் சார்ஜருக்குள் மெயினிலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஒரு குட்டி கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், அதன் வழியாக மிகச் சிறிய கரண்ட் கசியும். ஆளைக் கொல்லாது, போர்டைக் கொல்லலாம். ஏவி பின்னைச் சொருகும்போது நடுக் கம்பிதான் முதலில் தொடும், கிரவுண்ட் வட்டம் அதற்குப் பிறகுதான் தொடும், அந்த ஒரு கணத்தில் கசிவு முழுக்க வீடியோ ஒயர் வழியாகப் பாயும். அதனால் டிவி, போர்டு இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஏவியைச் சொருகுங்கள், பிறகு கரண்ட் கொடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். உங்கள் டிவியின் ஏவி துளை கம்பெனியிலிருந்து வந்ததா, பிற்பாடு யாராவது துளை போட்டு மாட்டியதா? பழைய டிவிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் கிரவுண்ட் நேராக மெயினோடு சேர்ந்திருக்கும். ஆன்டெனாவைத் தவிர வெளியே எதுவும் வராததால் அன்று அது பரவாயில்லை. அந்த மாதிரி டிவியில் விசிடி பார்ப்பதற்காக மெக்கானிக்குகள் பின்மூடியில் துளையிட்டு ஏவி சாக்கெட் வைத்துக் கொடுத்தார்கள். அதில் உங்கள் போர்டை மாட்டினால் போர்டின் கிரவுண்ட், யுஎஸ்பி தகடு, அதோடு சேர்ந்த கீபோர்டு ஒயர் எல்லாமே 230 வோல்ட்டில் நிற்கலாம். டெஸ்டரை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், சாதாரணக் கசிவுக்கும் டெஸ்டர் எரியும், இதற்கும் எரியும். துளையின் விளிம்பு கோணல்மாணலாக இருந்தால், பக்கத்தில் அச்சிட்ட எழுத்து இல்லாமல் பேனாவால் எழுதியிருந்தால், ரிமோட்டில் ஏவி பட்டனே இல்லாமல் இருந்தால், அந்த டிவியைத் தொடாதீர்கள். நண்பன் ஒருவன் 'எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்பான். அவன் டிவியின் இரண்டு பின் பிளக், கிரவுண்ட் நியூட்ரல் பக்கம் சேரும்படி அமைந்திருக்கலாம், திருப்பிச் சொருகினால் ஆகும்.

பட்டை போகட்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு, செய்யாதீர்கள். உங்கள் கல்லூரி லேபில் எர்த் துளைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். நான் போய்ப் பார்த்த ஒரு லேபில் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் பச்சை ஒயரைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். அதே லேபில் மின் பாதுகாப்புக்கு ஐந்து மார்க் கேள்வி.

இன்னொன்று, 'செத்த' போர்டை சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். போன வருடம் ஒரு பையன் இருநூறு ரூபாய் கழிவுக்கு விட்டுவிட்டு வந்த போர்டு, இரண்டு மாதம் கழித்து இன்னொரு பையன் கையில் என் மேசைக்கே வந்தது. யுஎஸ்பி பக்கத்தில் நான் மார்க்கரில் வைத்த நீலப் புள்ளி அப்படியே இருந்தது. சார்ஜரை மாற்றினேன், பூட் ஆனது.

சிவப்பு விளக்கு என்ன செய்தது, பட்டை ஊர்ந்ததா உருண்டதா, டிவியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். அதுவரை டிவி பிளக் வெளியிலேயே இருக்கட்டும்.