மார்க்கெட்டிங் பேராசிரியரை எதை வைத்து எடைபோடுவது? – கேள்வி பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மார்க்கெட்டிங்கில் பிஎச்டி முடித்து, அங்கேயே இளநிலை மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டருக்குப் பாடம் பதியும் நேரம் இது. அங்கே படிக்கப் போகிறவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, கன்ஸ்யூமர் பிஹேவியர் (நுகர்வோர் நடத்தை) பாடத்தை இரண்டு பேர் எடுக்கிறார்கள். மாணவர்கள் பேராசிரியர்களுக்கு மதிப்பெண் போடும் ரேட் மை புரொஃபசர்ஸ் தளத்தில் ஒருவருக்கு ஐந்துக்கு 4.6, இன்னொருவருக்கு 3.1. கண்ணை மூடிக்கொண்டு முதல் ஆளிடம் சேர்ந்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த எண்ணை எத்தனை பேர் சேர்ந்து போட்டார்கள் என்று முதலில் பார். 1999-ல் தொடங்கிய தளம் அது. எழுதுகிறவர் நிஜமாகவே அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்தானா என்று அங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. பேராசிரியரின் தோற்றத்துக்கு மிளகாய்ப் படம் போடும் வசதியைக்கூட 2018 வரை வைத்திருந்தார்கள். பெரும்பாலும் ரொம்பப் பிடித்துப்போனவர்களும் மதிப்பெண் குறைந்து கோபத்தில் இருப்பவர்களும்தான் எழுதுவார்கள். நடுவில் இருக்கும் பெரும்பான்மை பேசுவதே இல்லை.

அதனால் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படி. "நல்ல மனிதர்", "மோசம்" என்பவற்றைத் தாண்டிப் போய்விடு. "வாரம் ஒரு கேஸ் (நிறுவனம் ஒன்றின் நிஜப் பிரச்சினையை விவரிக்கும் பாடக்கட்டுரை) படித்து வரச் சொல்வார், திடீரென்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்பார்" என்று மூன்று பேர் வெவ்வேறு வருடங்களில் எழுதியிருந்தால் அது தகவல். 3.1 வாங்கியவரைப் பற்றி அப்படி எழுதியிருந்தால், நான் அவர் வகுப்பில்தான் சேரச் சொல்வேன்.

மாணவர்கள் அதிக மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்றால் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்றுதானே பொருள்?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை ஆசிரியர்களிடம் குலுக்கல் போலப் பிரித்துவிடுவார்கள், தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே. அந்தத் தரவை வைத்து காரெல், வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுக்கவைத்த ஆசிரியர்களை மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைப் பாடங்களில் நன்றாகச் செய்தவர்கள், அனுபவம் மிகுந்த, மாணவர்கள் குறைவாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள். மார்க்கெட்டிங் ரிசர்ச் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். அதை ஒழுங்காகப் படிக்காமல், அடுத்து வரும் அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) வகுப்புக்குப் போய்த் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பேராசிரியை பற்றி "கறார்", "பதில் போட நேரமாகும்", "உச்சரிப்பு புரியவில்லை" என்றே எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா அக்கா?

கவனமாக இரும்மா. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், இணையவழி வகுப்பு ஒன்றின் இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தங்கள் அடையாளத்தை மாற்றிக்கொண்டும் பாடம் எடுத்தார்கள். விடைத்தாளை ஒரே நேரத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் 'சீக்கிரம் தருகிறாரா' என்ற கேள்விக்கு, ஆண் என்று நம்பப்பட்டவருக்கு ஐந்துக்கு 4.35, பெண் என்று நம்பப்பட்டவருக்கு 3.55. சிறிய ஆய்வுதான், ஆனால் எனக்கு அது மறக்கவே இல்லை. கனடாவில் 2018-ல் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்கும் டென்யூருக்கும் (பேராசிரியரின் நிரந்தரப் பணி) கற்பிக்கும் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் தீர்ப்பே வந்தது. "கறார்" என்று பெண்ணைச் சொல்லும் அதே நடத்தைக்கு, ஆண் என்றால் "தரம் பார்ப்பவர்" என்று பெயர் கிடைத்துவிடுகிறது. இது அநியாயம். உச்சரிப்பு பற்றிய வரிகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

திருச்சியிலிருந்து எழுதுகிறேன் அம்மா. என் மகளின் பேராசிரியர் மார்க்கெட்டிங்கே படித்ததில்லை, சைக்காலஜியில் பிஎச்டி. பணம் கட்டி அனுப்புகிறோம், கவலையாக இருக்கிறது.

கவலையே வேண்டாம் சார். இந்தத் துறையைக் கட்டியவர்களே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். மார்க்கெட்டிங் என்றாலே நினைவுக்கு வரும் பிலிப் காட்லர், 1953-ல் சிகாகோவில் எம்ஏ, 1956-ல் எம்ஐடியில் பிஎச்டி, இரண்டுமே பொருளாதாரம். 1962-ல் நார்த்வெஸ்டர்னில் சேர்ந்தார், 1967-ல் அவருடைய 'மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட்' வந்தது. ஸ்டான்ஃபோர்டின் சீனு சீனிவாசன் ஐஐடி மெட்ராஸில் பொறியியல் படித்தவர். ஒரு பொருளின் எந்த அம்சத்துக்கு வாங்குபவர் எவ்வளவு மதிப்புத் தருகிறார் என்று பிரித்துக் கணக்கிடும் கான்ஜாயின்ட் அனாலிசிஸை வளர்த்தவர்களில் முக்கியமானவர். ஜக்தீஷ் ஷெத் பர்மாவில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம் முடித்து, பிட்ஸ்பர்க்கில் பிஎச்டி வாங்கியவர். 1969-ல் ஜான் ஹோவர்டுடன் சேர்ந்து அவர் எழுதிய வாங்குவோர் நடத்தைக் கோட்பாட்டை இன்றும் வகுப்பில் சொல்லித்தருகிறோம்.

மார்க்கெட்டிங் துறைக்குள் நுகர்வோர் மனம், கணித மாடல், வியூகம் என்று மூன்று பெரிய பிரிவுகள் உண்டு. சைக்காலஜிக்காரர் முதல் பிரிவு. மகளுக்கு விளம்பரம், பிராண்டு பக்கம் ஆர்வம் என்றால் சரியான ஆள் கிடைத்திருக்கிறார். விலை நிர்ணயம், டேட்டா என்றால் மட்டும் வேறொருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில ஆசிரியர்களின் பெயரோடு கிளினிக்கல் புரொஃபசர், அட்ஜங்க்ட் என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

கிளினிக்கல் என்றால் டென்யூர் பாதையில் இல்லாமல் கற்பிப்பதற்காக நியமிக்கப்பட்டவர், பலருக்கும் நிறுவன அனுபவம் இருக்கும். அட்ஜங்க்ட் என்றால் பகுதி நேரம். இதைவைத்து யாரையும் குறைவாக எண்ணாதீர்கள்.

பிஎச்டிக்கு கைடு தேடுகிறேன். மாணவர் மதிப்பீடு உதவுமா?

துளியும் உதவாது. 200 பேர் வகுப்பில் கலகலப்பாக இருப்பவர் உன் ஆய்வேட்டை ஆறு மாதம் படிக்காமல் வைத்திருக்கலாம். சிவியை எடு. ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங், ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச், ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச், மார்க்கெட்டிங் சயின்ஸ் இந்த நான்கில் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் எழுதியிருக்கிறாரா என்று பார். அதைவிட முக்கியம், கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்பது. பிறகு அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று தேடு. பாதியில் விட்டுப்போனவர் யாராவது இருந்தால் அவருக்குத் தனியாக எழுதிப் பேசு. நான் சேர்வதற்கு முன் அப்படி ஒருவரிடம் பேசியதில் கிடைத்த தெளிவு, எந்த ரேங்கிங் பட்டியலிலும் கிடைக்கவில்லை.

முதல் வாரம் பாடத்தை மாற்றிக்கொள்ளலாமாம். ஒரு வகுப்பு போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடாதா?

ஆளைப் பிடித்திருக்கிறதா என்பது தெரியும். ஆனால் அது 30 விநாடியிலேயே தெரிந்துவிடுகிற விஷயம். 1993-ல் அம்பாடி, ரோசன்தால் இருவரும் ஆசிரியர்களின் சத்தமில்லாத வீடியோத் துணுக்குகளை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். செமஸ்டர் முடிவில் மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு அது பெரிதும் ஒத்துப்போனது.

வகுப்புக்குப் போ, ஆனால் சிலபஸை வாங்கிக்கொண்டு வா. குரூப் புராஜெக்டுக்கு எத்தனை சதவீதம், வேலை செய்யாத கூட்டாளியைக் குறித்துச் சொல்ல பியர் எவால்யுவேஷன் இருக்கிறதா, கேஸ்கள் சமீபத்தியவையா, பத்து வருடப் பழசா என்று பார். பாதி மதிப்பெண் குரூப்புக்குப் போய், பியர் எவால்யுவேஷனும் இல்லையென்றால், பேராசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதே பாடத்தை வேறொருவர் எடுக்கும் வகுப்புக்கு மாறிவிடச் சொல்வேன்.