ஒன்பது ஆண்டு உழைத்த பெட்டிக்குப் பதிலாக

கேள்வி: என் மேசைக்கு அடியில் இருக்கும் டவர் கம்ப்யூட்டருக்கு ஒன்பது வயது. நடுவில் ஒருமுறை ரேம் கூட்டினேன், இன்னொருமுறை ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். இப்போது ஓய்ந்துவிட்டது. முதியவர்களின் வாழ்க்கை நினைவுகளை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது என் வேலை. மாதத்துக்கு இரண்டு மூன்று வீடியோக்களும் வெட்டிச் சேர்ப்பேன். மகள் புரோகிராமிங் படிக்கிறாள். கையகலத்தில் இருக்கும் ஆப்பிளின் எம்4 மேக் மினியைப் பார்த்ததிலிருந்து ஆசையாக இருக்கிறது. அதில் 16 ஜிபி ரேமும் 256 ஜிபி சேமிப்பிடமும் போதுமா? அல்லது திறந்து பாகங்களை மாற்றக்கூடிய சிறிய விண்டோஸ் பெட்டி வாங்கட்டுமா?

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாவது வரியிலேயே பதில் இருக்கிறது. அந்த டவர் ஒன்பது ஆண்டு உழைத்ததற்குக் காரணம், நடுவில் இரண்டுமுறை அதைத் திறக்க முடிந்ததுதான். அடுத்த பெட்டியையும் நீங்கள் அவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன். அதனால் இன்றைய வேகத்தைவிட, ஐந்தாம் ஆண்டில் அதற்குள் எதை மாற்ற முடியும் என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த எம்4 மேக் மினி அருமையான இயந்திரம். 12.7 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம். மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதியும் உள்ளேயே அடங்கியிருப்பதால் வெளியே அடாப்டர் தொங்காது. சாதாரண வேலையில் அதன் விசிறிச் சத்தம் காதுக்கு எட்டுவதே அரிது. ஒலிப்பதிவு செய்பவருக்கு அது பெரிய வரம். ஆனால் ரேம், ப்ராசஸரோடு ஒரே பொட்டலமாக இருக்கிறது. வாங்கும் நாளில் 16, 24, 32 ஜிபி என்று எதைத் தேர்கிறீர்களோ, கடைசிவரை அதுதான்.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ரேம் ப்ராசஸரை ஒட்டியே இருந்தால் தகவல் போய்வரும் தூரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. எம்4 சில்லில் அந்த வேகம் நொடிக்கு 120 ஜிபி. சாதாரணச் சிறிய பெட்டியில் டிடிஆர்5-5600 வகை ரேம் இரண்டைச் செருகினால் கிடைப்பது ஏறத்தாழ 90 ஜிபி. படக்காட்சிக்கான பகுதியும் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால், வீடியோ வேலையில் இந்த வேறுபாடு தெரியும். மாற்றும் வசதியை இழப்பதற்கு ஈடாக உண்மையிலேயே ஒன்று கிடைக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று வீடியோ செய்கிற உங்களுக்கு அது அவ்வளவு தேவையா என்றால், இல்லை என்பேன்.

சேமிப்பிடத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. எம்4 மினியில் அது கழற்றக்கூடிய ஒரு சிறு அட்டையில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் பயன்படுத்தும், எம்.2 எனப்படும் பட்டை வடிவ எஸ்எஸ்டி அல்ல. அட்டையில் இருப்பவை நினைவுச் சில்லுகள் மட்டுமே. அவற்றை ஆளும் பகுதியும், தகவலைப் பூட்டிவைக்கும் மறைகுறியும் முதன்மைச் சில்லுக்குள் இருக்கின்றன. அந்தச் சில்லு செத்தால் அட்டையைக் கழற்றி வேறு எதில் செருகினாலும் எதுவும் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் மின்னழுத்தம் ஏறி என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. என் தந்தை தன் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசிய பதிவுகள் அதில்தான் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அவர் அப்போது உயிரோடு இல்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி, அதை வெளி டிஸ்க்காக மாற்றும் ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகினேன். சில நிமிடங்களில் அவர் இருமிவிட்டுப் பேசத் தொடங்குவது கேட்டது. முதியவர்களின் குரல் உங்கள் தொழில். இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் எம்.2 எஸ்எஸ்டி உள்ள பெட்டியை வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன். விண்டோஸிலும் தகவலைப் பூட்டும் வசதி தானாகவே இயங்கியிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியானாலும் பதிவுகளுக்கு இரண்டு வெளி டிஸ்க்குகளில் பிரதி இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில்.

சிறிய விண்டோஸ் பெட்டி எல்லாமே திறந்து மாற்றக்கூடியது என்று நினைத்துவிடாதீர்கள். விவரப் பட்டியலில் ரேமுக்கு நேரே ‘சோடிம்’ என்று இருந்தால் செருகி எடுக்கலாம். ‘எல்பிடிடிஆர்’ என்று இருந்தால் பெரும்பாலும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. ரேம் இரண்டு துண்டுகளாக இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். இப்போதைக்குப் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் 16 ஜிபி ஒன்று போட்டு, மற்ற இடத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு 8 ஜிபி வாங்கினால் பிறகு கூட்டும்போது இரண்டையும் எடுத்தெறிய வேண்டியிருக்கும்.

சத்தத்தில் மட்டும் மேக் மினியிடம் தோற்பீர்கள். சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும், அதன் சத்தம் கீச்சென்று இருக்கும். 45 வாட் ப்ராசஸரைச் சின்னப் பெட்டிக்குள் திணித்திருப்பதைத் தவிர்த்து, 15 வாட் வகையைப் பாருங்கள். மகளின் படிப்புக்கும் அது தாராளம். பதிவு நடக்கும்போது பெட்டி மைக்குக்குப் பின்பக்கமாக, எட்டத்தில் இருக்கட்டும்.

கேள்வி: நான் எம்4 மேக் மினியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். 256 ஜிபி ஆறு மாதத்தில் நிரம்பிவிட்டது. தவறு செய்துவிட்டேனா?

பதில்: இல்லை. கூடுதல் பணத்தை ரேமில் போட்டிருந்தால் நல்ல முடிவு என்றே சொல்வேன். சேமிப்பிடத்தை வெளியே சேர்க்கலாம், ரேமைச் சேர்க்க முடியாது. நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள யூஎஸ்பி உறையில் ஒரு எஸ்எஸ்டி போட்டால் நொடிக்குச் சுமார் 1,000 எம்பி வேகம் கிடைக்கும். 4கே வீடியோவை அதிலிருந்தே வெட்டலாம். அதைப் பின்பக்கமுள்ள மூன்று தண்டர்போல்ட் போர்ட்களில் ஒன்றில் செருகிவிட்டால் கண்ணிலும் படாது. படங்கள், வீடியோக்கள், பழைய கோப்புகள் அங்கே போகட்டும். உள்ளே 50 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும், ரேம் நிரம்பும்போது கம்ப்யூட்டர் அந்த இடத்தைத்தான் தேடும். பழைய பென்டிரைவ் செருகும் அகலப் போர்ட் இதில் இல்லை. சிறிய மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய பெட்டியை மானிட்டரின் முதுகில் திருகி மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், மானிட்டரில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால். மாட்டுவதற்கு முன் சூடான காற்று வெளியேறும் துளை எந்தப் பக்கம் என்று பாருங்கள். மானிட்டரின் முதுகே சூடாக இருக்கும், துளை அதை நோக்கி இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கித் தூசி தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் பெட்டியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம், என்னிடம் பழுதுபார்க்க வருபவற்றில் பல இப்படித் தூசியில் மூச்சடைத்தவை.