வீட்டில் மகாபாரதம் வாசிக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு மகாபாரதம் வாசித்துக் காட்ட ஆசை. அந்தப் புத்தகம் வீட்டில் இருந்தாலே சண்டை வரும் என்று மாமி தடுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக வாசியுங்கள். மாமியின் பயம் பல வீடுகளில் இருப்பதுதான். பங்காளிச் சண்டையில் குலமே அழிந்த கதை என்பதால் வந்திருக்க வேண்டும். ஆனால் பாரதத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. வாசித்தாலும் கேட்டாலும் புண்ணியம் என்றே அது சொல்கிறது.

உங்கள் சாமியறையில் பகவத் கீதை இருக்கிறதா? அதன் 700 சுலோகங்களும் பாரதத்தின் ஒரு பகுதியான பீஷ்ம பர்வத்தில் வருபவை. விஷ்ணு சகஸ்ரநாமம் இருப்பதும் பாரதத்தின் அனுசாசன பர்வத்தில்தான். இதை மாமியிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர்களின் கூரம் செப்பேட்டில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கிய செய்தி இருக்கிறது. நம் கிழக்கிலங்கைப் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதித் திருவிழாவான தீப்பள்ளயத்தின்போது பாண்டவர் வனவாசத்தை ஊரே கூடி நடத்துகிறது. கேடு தரும் கதையை ஊர் இப்படிக் கொண்டாடுமா?

சரி, எதை வாசிப்பது? வில்லிபுத்தூரார் செய்யுளில் பாடிய வில்லிபாரதம் பிள்ளைகளுக்குக் கடினம். வடசொல் அதிகம், போரோடு நின்றும் விடுகிறது. ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ சின்னச் சின்ன அத்தியாயங்கள், எளிய நடை. தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. வன பர்வத்தில் நளன், சாவித்திரி கதைகள் இருக்கின்றன. அப்புறம் யட்சன் கேள்விகள்: தருமரின் பதிலை வாசிக்கும் முன் பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள்.

சூதாட்டத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று பாஞ்சாலி கேட்கிறாள். பீஷ்மரே தடுமாறுகிறார். என் பார்வையில் பாரதத்தின் உயிரே அந்தக் கேள்விதான்; பிள்ளைகள் அதை வைத்து வாதாடட்டும். ஆனால் துகிலுரிதலோடு அன்றைய வாசிப்பை நிறுத்திவிட வேண்டாம். திருதராட்டிரனிடம் வரம் கேட்டுக் கணவர்களை அவளே மீட்கும் இடம்வரை வாசித்துவிடுங்கள்.

மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள். அவருக்குத் தெரிந்த கதை புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்தப் போகாதீர்கள். அருச்சுனனை மணந்த அல்லி அரசாணி வியாசரிடம் இல்லை, தமிழ் மக்கள் கட்டிய கதை. அதை அவரையே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.