அப்பாவை நடக்க வைப்பது எப்படி?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வாக்கிங் போகச் சொன்னாலே கோபம் வருகிறது. "இப்படியே உட்கார்ந்திருந்தால் ஹார்ட் அட்டாக் வரும்" என்றுகூடச் சொல்லிப் பார்த்துவிட்டோம். எப்படித்தான் சம்மதிக்க வைப்பது?

பதில்: முதலில் அந்த ஹார்ட் அட்டாக் பேச்சை விடுங்கள். வயதானவர்களிடம் பயமுறுத்தல் எடுபடுவது குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா கார்ஸ்டென்சன் பங்கேற்று 2014-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. நடக்காவிட்டால் என்ன கெடும் என்று கேட்ட முதியவர்களைவிட, நடந்தால் என்ன நல்லது என்று கேட்ட முதியவர்கள்தான் அதிகம் நடந்தார்கள். இளையவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏற, என்றோ வரப்போகும் நோயைவிட இன்றைய பொழுது நன்றாகக் கழிவதுதான் மனசுக்குப் பெரிதாகிறது. "சாயங்காலம் பேத்தியைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறீங்களாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட நடக்க ஒரு நண்பர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், அவர் சொல்லாமல் மறைக்கும் காரணம் ஒன்று இருக்கலாம். முழங்கால் வலி, விழுந்துவிடுவோமோ என்ற பயம், தெருநாய். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலர், வழியில் சிறுநீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்றே வெளியே கிளம்ப மாட்டார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லக் கூச்சம். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம்! தனியாக, மெதுவாகக் கேளுங்கள். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் பேசலாம், நீங்களாக மாற்றாதீர்கள்.

பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்து மலைக்க வைக்க வேண்டாம். சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், மிகக் குறைவாக நடந்தவர்களைவிட தினமும் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அது போகப் போக வரட்டும். இப்போதைக்குப் பத்து நிமிடம் போதும். 'என்னால் முடிகிறது' என்று அவரே உணர்ந்துவிட்டால், மறுநாள் நீங்கள் சொல்லவே தேவைப்படாது.

சாப்பாட்டில் ஒன்றுதான்: அவருக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனியாக வைத்தால் தண்டனை போலத் தோன்றும். ஊறுகாய், அப்பளத்தை வீட்டில் எல்லோருமே குறைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க ஆரம்பிக்கும் முன் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.