சுங்கை சிப்புட் பெரியவர்கள் கேட்டவை: ஓய்வுபெற்ற தாதியின் பதில்கள்

கேள்வி: மலேசியாவில் சராசரி ஆயுள் 75 என்கிறார்கள். எனக்கு 73. இன்னும் 2 வருஷம்தானா, அம்மா?

பதில்: இல்லவே இல்லை, ஐயா. அது இன்று பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. சின்ன வயதில் இறப்பவர்களையும் சேர்த்துப் போட்டது. 1957-இல் இங்கே பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அப்போது சராசரி 60-ஐக்கூடத் தொடாததற்கு அது பெரிய காரணம். அந்தக் கண்டங்களையெல்லாம் நீங்கள் கடந்து வந்துவிட்டீர்கள். 60 வயதை எட்டிய மலேசியர் சராசரியாக இன்னும் 18, 20 ஆண்டு இருக்கிறார். என் கவலை வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி நம் ஆயுளில் ஏறத்தாழ 9 ஆண்டு நோய்நொடியில் கழிகிறது. அதைக் குறைக்கத்தான் எல்லாரையும் கிளினிக்குக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறேன்.

கேள்வி: தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியவன். இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது, ஆனால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அண்ணே. மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் வயது வந்த நம் இந்தியர்களில் 31 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மலாய்க்காரர், சீனரைவிட அதிகம். பாதத்தை மறந்துவிடாதீர்கள். மரம் வெட்டி நடந்த பாதத்துக்குப் பித்தவெடிப்பு பழகிப்போயிருக்கும். இனிப்புநீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தபின் அதில் புண் வந்தால், சீழ் வைக்கும்வரை தெரியாது. குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்துவிட்டு, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பேத்தியைப் பார்க்கச் சொன்னாலும் சரி. செருப்பு போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், கல்லோ முள்ளோ இருக்கும்.

கேள்வி: தேத்தண்ணி குடிக்கலாமா?

பதில்: கெட்டிப்பால் வேண்டாம். சர்க்கரை போடாத கோசோங் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78. குளியலறையில் வழுக்கி விழுந்தார். அப்புறம் நடக்கவே விடுவதில்லை. சரிதானே அக்கா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும். அடுத்த தடவை இன்னும் சுலபமாக விழுவார். முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். எலும்பு சரியாக இருக்கிறதா, ரத்தக்கொதிப்பு மாத்திரையால் எழும்போது தலைசுற்றுகிறதா என்று பார்க்கட்டும். நடக்கலாம் என்று சொல்லிவிட்டால், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். குளியலறைக்குக் கைப்பிடி, இரவில் விளக்கு. சாப்பாட்டில் கஞ்சியும் ஊறுகாயும் போதாது. முட்டை, மீன், தௌஃபு (சோயாக்கட்டி), பருப்பு வேண்டும்.

கேள்வி: பரிசோதனைக்குக் காசில்லையே?

பதில்: அரசாங்க உதவித்தொகை வாங்கும் 40 வயது ஆனவர்களுக்கு, குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு, 2019-இலிருந்து நடக்கிறது. அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். வீட்டுக்காரர் பெயரில்தானே பணம் வருகிறது என்று பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். மனைவிக்கும் 40 ஆகியிருந்தால் அவருக்கும் உண்டு. இரண்டு பேருமே போங்கள்.