ஒரே பதிவெண், இரண்டு கம்பெனி: எந்தப் படம் சரி?

கேள்வி: பழைய விமான அஞ்சலட்டைகள் சேர்க்கிறேன். இரண்டு அட்டைகளில் பிரிட்டனின் காமெட் 4 ஜெட் இருக்கிறது. இரண்டிலும் பதிவெண் ஜி-ஏபிடிபி. ஒன்றில் பி.ஓ.ஏ.சி. என்றும் இன்னொன்றில் டேன்-ஏர் என்றும் எழுதியிருக்கிறது. ஒன்று போலியா? எந்த வருடத்துப் படங்கள்?

பதில்: பதிவெண்ணை வைத்து எதையும் போலி என்று ஒதுக்காதீர்கள். விமானம் ஒன்றுதான், கை மாறியிருக்கிறது.

1958 அக்டோபர் 4 அன்று ஜெட் விமானப் பயணிகள் சேவை அட்லாண்டிக்கில் தொடங்கியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்தது இதே ஜி-ஏபிடிபி. அரசு நிறுவனமான பி.ஓ.ஏ.சி. 1965-ல் இதை மலேசியன் ஏர்வேஸுக்கு விற்றது. அங்கே பதிவெண் 9எம்-ஏஓபி ஆனது. 1969-ல் டேன்-ஏர் வாங்கி பிரிட்டனுக்குக் கொண்டுவந்ததும் பழைய எழுத்துகளே மறுபடி கிடைத்தன.

டேன்-ஏர் தனியார் கம்பெனி. மற்றவர்கள் கழித்துவிட்ட காமெட்களை 1966 முதல் வாங்கி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. உதிரி பாகங்களுக்காக வாங்கியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 49.

சரி, வருடத்துக்கு வருவோம். பி.ஓ.ஏ.சி. படம் 1958-க்கும் 1965-க்கும் இடையில் எடுத்தது, டேன்-ஏர் படம் 1969-க்குப் பிறகு எடுத்தது என்று கொள்ளலாம். ஆனால் பின்னணியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1974-ல் இந்த விமானம் டக்ஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே பல வருடங்கள் டேன்-ஏர் வண்ணத்தில் நின்று, அப்புறம் மறுபடி பி.ஓ.ஏ.சி. வண்ணத்துக்கு மாறியது. அதனால் பி.ஓ.ஏ.சி. படம்கூடப் பிந்தையதாக இருக்கலாம்.

அட்டையின் பின்பக்கம் பிரிட்டிஷ் தபால்தலை இருந்தால் இன்னும் நல்லது. விலையில் ‘டி’ எழுத்து இருந்தால் பழைய பென்னி. 1971 பிப்ரவரியில் நாணய முறை மாறியதற்கு முன் அச்சிட்ட தலை. ‘பி’ இருந்தால் புதிய பென்னி. மற்ற விமானங்களுக்கு, பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இணையதளத்தில் பழைய பதிவேட்டுப் பக்கங்களை இலவசமாகவே பார்க்கலாம். எழுத்துகளை உள்ளிட்டால் உரிமையாளர்கள் வரிசையாக வருவார்கள்.